மணி பன்னிரண்டு

யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடும் பழக்கம் செக்கரம்மாவுக்குக் கிடையாது. இருபத்தாறு வருஷமாகப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டுப் பரிசோதிக்கிற செக்கர் வேலை அவளுக்கு. ‘இப்பதான் கீழ விழுந்துச்சு’, ‘முன்னாடி நிக்கிற மச்சான்கிட்ட இருக்கு’, ‘கண்டக்டர் கேக்கவே இல்ல’ என்று அவள் கேட்காத கதை இல்லை. அழுகிறவனிடம் சீட்டு இருக்கும், சிரித்துப் பேசுகிறவனிடம் இருக்காது. முகத்தைப் பார்த்து முடிவு செய்தால் மோசம் போகவேண்டியதுதான். அதனால் அவள் சீட்டைத்தான் பார்ப்பாள். சீட்டைப் பார்க்காமல் ஒருத்தரையும் வண்டியை விட்டு இறக்கியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்படிப்பட்டவளுடைய நாயைத்தான் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தார்கள்.

நாயின் பெயர் மணி. வயது பன்னிரண்டு. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கியிருக்கும். யார் வந்தாலும் ஊரைக் கூட்டிக் குரைப்பான், வந்தவர் உட்கார்ந்ததும் அவர் காலடியிலேயே படுத்துக்கொள்வான். திருடன் வந்தாலும் இதே மரியாதைதான் கிடைத்திருக்கும். அவனை ஒரு மழை நாளில் புத்தகப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் செக்கரம்மாவின் வீட்டுக்காரர். நூலகத்தில் வேலை பார்ப்பவர், அங்கே பேசிப் பழகிய குரலிலேயே வீட்டிலும் பேசுவார். கொண்டுவந்தது அவர் என்றாலும் மணி பேச்சுக் கேட்பது செக்கரம்மாவிடம் மட்டும்தான். அதில் அவருக்கு இன்றுவரை ஒரு மனத்தாங்கல் இருந்தது.

தெருமுனையில் இருந்த பிராணிகள் மருத்துவமனையில் ஒரு பலகை வைத்தார்கள். எட்டு வயது தாண்டிய நாய், பூனைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை, வருகிற ஞாயிறு காலை முதல். செக்கரம்மா படித்த உடனே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கிற நாயைப் பிடிச்சு எதுக்கு ஊசியால குத்தணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லா இருக்குன்னு யாரு சொன்னது? நீங்களா, மணியா?"

"பாத்தாத் தெரியலையா?"

"பாத்தாத் தெரியும்னா எனக்கு எதுக்குச் சம்பளம் குடுத்து வண்டி வண்டியா ஏத்தி விடுறாங்க?"

அவளிடம் பேசி ஜெயித்ததாக அந்த வீட்டில் சரித்திரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார்கள். எடை பார்த்தார்கள், கண்ணுக்குள் விளக்கடித்தார்கள், வாயைத் திறந்து பல்லில் காரை படிந்திருக்கிறது என்றார்கள், காலில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தபோது மணி அவமானப்பட்டவனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிறுநீர்தான் கிடைக்கவில்லை. வீட்டுச் சுவர், பக்கத்து வீட்டுச் சுவர், நின்ற கார், நகர்ந்த கார் என்று ஊருக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்தவன், கிண்ணத்தை நீட்டியதும் கௌரவம் பார்த்தான். "பரவால்லக்கா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று கம்பவுண்டர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செக்கரம்மா அங்கிருந்தே ஓடினாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்பதால் ரத்தம் அத்தனையும் ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய பரிசோதனைக்கூடத்துக்குப் போனது.

புதன்கிழமை கூப்பிட்டார்கள். டாக்டரம்மா வயதில் சின்னவர். கெட்ட செய்தி சொல்லும்போது மேஜைமேல் இருக்கிற பேனாக்களை ஒழுங்குபடுத்துவார். அன்றைக்கு ஐந்து பேனாவையும் இரண்டு தடவை ஒழுங்குபடுத்தினார்.

"சிறுநீரகம் ரொம்பப் பாதிச்சிருக்கும்மா. கிரியாட்டினின்னு ஒண்ணு பாப்போம். ஒன்றரைக்குள்ள இருக்கணும். மணிக்கு ஆறு இருக்கு."

"அவன் நல்லாத்தானே இருக்கான் டாக்டரம்மா? நேத்துகூடப் பூனையைத் துரத்திக்கிட்டு மாடிக்கு ஓடினான்."

"இந்த நோய் அப்படித்தான். முக்கால்வாசி போன பிறகுதான் வெளியில தெரியும். அதுக்குத்தான் இந்தப் பரிசோதனையே வைக்கிறோம்." அவர் சொன்னதில் தப்பில்லை. உப்பில்லாத, கறியில்லாத தனிச் சாப்பாடு எழுதிக் கொடுத்தார். தினமும் குளுக்கோஸ் ஏற்றிப் பார்க்கலாம், ஆனாலும் பெரிய நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார். "வயசும் ஆயிடுச்சு. அவன் கஷ்டப்படுறான்னு நீங்க முடிவெடுத்தா, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

வீட்டுக்காரர் அங்கேயே அழுதுவிட்டார். இதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு பூனை இருந்தது. கடைசி ஒரு மாதம் அது பட்ட பாட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவர் அவர். இன்னொரு தடவை அதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்று வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மணி அவருக்கு முன்னால் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தான்.

அன்று இரவே புதுச் சாப்பாடு. வெள்ளையாக, கொழகொழவென்று, சுவரில் பூசினால் நிற்கும்போல இருந்தது. மணி முகர்ந்து பார்த்தான், செக்கரம்மாவைப் பார்த்தான், வாசலில் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாளும் தொடவில்லை. பசி தாங்காமல் வீட்டுக்காரரின் செருப்பு வாரைக் கடித்துத் தின்று, அதை வாந்தியெடுத்தான்.

"பாரு, சாப்பாடும் இறங்கல, வாந்தியும் வந்துடுச்சு" என்றார் வீட்டுக்காரர். "டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா நடக்குது."

"செருப்பைத் தின்னா நீங்களும் வாந்திதான் எடுப்பீங்க."

தொலைபேசியில் நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரரின் அக்கா. நல்ல மனசுக்காரி, ஆனால் அந்த நல்ல மனசை யாராவது சாகக் கிடக்கும்போதுதான் வெளியே எடுப்பாள்.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா ஆயிடுச்சே! பரிசோதனை பரிசோதனைன்னு நீதானே இழுத்துக்கிட்டுப் போனே? தெரியாம இருந்திருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும்."

"தெரியாம இருந்தா நோய் இல்லாம போயிடுமா அண்ணி?"

"சரி, இப்பதான் தெரிஞ்சுடுச்சே. வாயில்லா ஜீவனை வதைக்காதே. பேசாம ஊசி போட்டுடுங்க."

ஊசி என்கிற சொல்லுக்கு அந்த வீட்டில் அதுவரை காய்ச்சல், தடுப்பு என்றுதான் பொருள் இருந்தது. அன்றிலிருந்து வேறு ஆயிற்று. வீட்டுக்காரர் யாரிடமும் கேட்காமல் மருத்துவமனைக்குப் போன் போட்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். சொல்லிவிட்டுத் துணி மடிப்பது போல மடித்த துணியையே மடித்துக்கொண்டு நின்றார்.

செக்கரம்மாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "என்னைக் கேக்காம எப்படிங்க சொன்னீங்க?"

"கேட்டா நீ ஒத்துக்கப் போறியா?"

"மாட்டேன்."

"அதனாலதான் கேக்கல. நீ பிடிச்ச முயலுக்கு மூணு கால்தான். உன் பிடிவாதத்துக்கு அது கஷ்டப்படணுமா?"

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது. பிடிவாதம் என்பது அவளுக்கே தெரியும். ஆனால் இது பிடிவாதமா, அல்லது உண்மையிலேயே அந்தப் பரிசோதனை முடிவில் ஏதோ சரியில்லாத சங்கதி இருக்கிறதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். அழுதால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், சீருடையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை எல்லோரும் அந்தத் தாளில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்திருந்தார்கள். ஆறு. செக்கரம்மா இந்த முறை அதைப் பார்க்கவில்லை. ஒரு சீட்டைப் படிப்பது போல, மேல் மூலையிலிருந்து தொடங்கினாள். பரிசோதனைக்கூடத்தின் பெயர். தேதி. பிராணியின் பெயர்: மணி. வயது: 12. கட்டம் கட்டமாக எண்கள். தாளின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி. ‘குழாயில் கண்ட குறிப்பு: 12 மணி.’

பன்னிரண்டு மணி!

அவளுடைய விரல் அங்கேயே நின்றது. வரிசையில் முதல் ஆள் அவர்கள். ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தாயிற்று. பதினொன்றுக்கு அவளுக்கு வேலை. பன்னிரண்டு மணிக்கு அவள் ரயிலடிப் பேருந்தில், பழைய சீட்டைக் காட்டிய ஒரு மீசைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வழக்கை அவள் கைப்பட எழுதியிருக்கிறாள், நேரத்தோடு.

"ஏங்க! இங்க வாங்க. இது நம்ம சீட்டு இல்ல."

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். "ஏதாவது எழுத்துப் பிழையா இருக்கும்" என்றார். பிறகு அவள் தோளில் கை வைத்து, மெதுவாக, "உனக்கு மனசு ஏத்துக்கல. அதான்" என்றார்.

அவள் கையைத் தட்டிவிட்டாள். "நாளைக்கு வர்றேன். ஆனா ஊசிக்கு இல்ல."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் வேறு யாரும் இல்லை. டாக்டரம்மாவே அப்படி ஏற்பாடு செய்திருந்தார். மேஜைமேல் ஒரு மெத்தை விரித்து, விளக்கைக்கூட மங்கலாக வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அதைப் பார்த்ததும் செக்கரம்மாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. மணியோ உள்ளே நுழைந்ததும் குரைத்து, எல்லோரையும் விசாரித்துவிட்டு, கம்பவுண்டரின் காலடியில் படுத்தான்.

"வாங்கம்மா. அவசரமில்ல. எவ்வளவு நேரம் வேணுமோ அவன்கூட இருங்க" என்றார் டாக்டரம்மா.

"இருக்கத்தான் போறேன். முதல்ல ஞாயித்துக்கிழமை பதிவேட்டை எடுங்க."

"எதுக்கும்மா?"

"சீட்டு என் கையில இருக்கு. அடிக்கட்டையைப் பாக்கணும்."

டாக்டரம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். இப்படி நடந்துகொள்கிறவர்களை டாக்டரம்மா முன்பும் பார்த்திருப்பார் போல, குரலில் தேனைக் கலந்துகொண்டார். "அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது..."

"என் வருத்தத்தை விடுங்க, அது எங்கேயும் ஓடிடாது. குழாய் மேல என்ன எழுதி அனுப்பினீங்க? அதைக் காட்டுங்க. காட்டாம இவன்மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. சீட்டைப் பாக்காம நான் ஒரு குடிகாரனைக்கூட இறக்கிவிட்டதில்ல. இவன் பன்னெண்டு வருஷமா ஒழுங்கா வந்துக்கிட்டு இருக்கிறவன்."

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கம்பவுண்டரிடம் கையை நீட்டி, "பதிவேடு" என்றாள்.

கம்பவுண்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ரத்தம் எடுத்ததும் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து, ஒரே குறிப்பை அதில் இரண்டு தடவை எழுதுவார். ஒரு பாதியைக் குழாயில் ஒட்டுவார், மறுபாதியைப் பதிவேட்டில் ஒட்டுவார். பிராணியின் பெயரும் வயதும், அவ்வளவுதான். பதினைந்து வருஷமாக இதில் ஒரு தப்பும் வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டை விரித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம், முதல் வரி. பிளாஸ்திரியில் நீல மையில் தெளிவாக இருந்தது: மணி 12.

"பாருங்கக்கா. மணி, வயசு பன்னெண்டு. சரியாத்தானே இருக்கு?"

செக்கரம்மா தன் தாளின் அடிவரியை அதன் பக்கத்தில் வைத்தாள். "உங்களுது மணி பன்னெண்டு. இது பன்னெண்டு மணி. அடிக்கட்டையும் சீட்டும் ஒத்துப்போகல. இந்தப் பக்கத்துல ‘12 மணி’ன்னு வேற எங்கயாவது ஒட்டியிருக்கா?"

கம்பவுண்டர் விரலை ஓட்டிக்கொண்டே கீழே வந்தார். பதினேழாவது வரியில் விரல் நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர்..."

பதினேழாவது வரியில் வந்தது ஒரு கிடங்கின் காவல்காரருடைய நாய். நாய்க்கு என்ன பெயர் என்று கம்பவுண்டர் கேட்டிருக்கிறார். பெயரெல்லாம் வைக்கவில்லை என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். வயது? தெரியாது, பத்துக்கு மேலே இருக்கும். கூட்டமான நேரம். பிளாஸ்திரியில் எதையாவது எழுதியாக வேண்டும். கம்பவுண்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, ரத்தம் எடுத்த நேரத்தை எழுதி ஒட்டிவிட்டார்: 12 மணி.

பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர் பாவம், அவர் கண்ணுக்கு இரண்டும் எப்படித் தெரிந்திருக்கும்? ‘12 மணி’ என்றால் பன்னிரண்டு வயது மணி. ‘மணி 12’ என்றால் மணி பன்னிரண்டு ஆயிற்று, பெயரில்லாத நாய்க்கு ரத்தம் எடுத்த நேரம். தமிழ் தெரிந்தவர் என்பதால் வந்த தப்பு. தெரியாதவராக இருந்திருந்தால் போன் போட்டுக் கேட்டிருப்பார்.

டாக்டரம்மா மணியின் காலைப் பிடித்து மறுபடி ரத்தம் எடுத்தார். கூட்டம் இல்லாத நாள், மருத்துவமனையில் இருந்த சின்ன இயந்திரமே போதும். இருபது நிமிஷம் அது உறுமிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சுவரோடு சாய்ந்து நின்றார். செக்கரம்மா இயந்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. "சிறுநீரகம் நல்லா இருக்கு. பல்லைச் சுத்தம் பண்ணணும். அவ்வளவுதான். அம்மா, நான்... என்னை மன்னிச்சிடுங்க."

வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து மணியைக் கட்டிக்கொண்டார். "நான் என்ன காரியம் பண்ணப் பாத்தேன், என்ன காரியம் பண்ணப் பாத்தேன்" என்று அதையே சொன்னார். மணி அவருடைய கண்ணாடியை நக்கினான். செக்கரம்மாவுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு பதிவேட்டின் பதினேழாவது வரியை மறுபடி பார்த்தாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இங்கே ஒரு வீட்டில் மூன்று நாளாக எழவு விழுந்த மாதிரி இருந்தது. அங்கே?

"இந்தக் காவல்காரருக்கு என்ன சொல்லி அனுப்பினீங்க?"

கம்பவுண்டர் பதிவேட்டை மூடினார். "புதன்கிழமை வந்தாரு. எல்லாம் நல்லா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு தாளைக் குடுத்து அனுப்பிட்டேன்."

"போன் போடுங்க."

"அவர்கிட்டப் போன் இல்லக்கா."

டாக்டரம்மா பேனாக்களின் பக்கம் கையைக் கொண்டுபோனார். "நான் திங்கட்கிழமை ஆளனுப்பிப் பக்குவமாச் சொல்லிக்கிறேன்மா. பரிசோதனைக்கூடத்துலயும் முதல்ல ஒரு வார்த்தை கேட்டுடணும். வெளியில தெரிஞ்சா மருத்துவமனைப் பேரு..."

"ஆறுன்னு வந்தப்ப எங்களை அன்னிக்கே கூப்பிட்டீங்க. தினமும் குளுக்கோஸ் ஏத்திப் பாக்கலாம்னீங்க. அது மணிக்கு மட்டுமா? அந்த நாய் மூணு நாளா மருந்தில்லாம கிடக்கு. திங்கட்கிழமை வரைக்கும் அதோட சிறுநீரகம் உங்க மருத்துவமனைப் பேருக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"நீ வா, நம்ம பிள்ளை பிழைச்சுது, அது போதும்" என்று வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்தார்.

"போதாது." அவள் மெத்தை விரித்த மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டாக்டரம்மா கிளம்புற வரைக்கும் நான் இங்கயிருந்து எழுந்திரிக்கப் போறதில்ல. என்னை இறக்கிவிடணும்னா தூக்கித்தான் இறக்கணும்."

டாக்டரம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்களுக்கு யாராவது ஒருத்தர் பக்கத்தில் நின்று மிரட்டினால் தைரியம் வந்துவிடும். பேனாக்களை அப்படியே போட்டுவிட்டு, "பையை எடுங்க" என்றார் கம்பவுண்டரிடம்.

டாக்டரம்மாவின் காரில் ஐந்து பேரும் போனார்கள், மணியைச் சேர்த்து. கிடங்கு ஊருக்கு வெளியே, பெரிய இரும்புக் கேட்டும் அதன் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவு தகரக் கொட்டகையுமாக இருந்தது. காவல்காரர் அறுபதைத் தாண்டியவர். தோய்த்துத் தேய்த்த சட்டை, கழுத்துவரை பொத்தான். கொட்டகைச் சுவரில் ஆணியடித்து அந்தத் தாளை மாட்டியிருந்தார். ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்ற வரி வெளியே தெரியும்படி மடித்திருந்தார்.

அவருடைய நாய் கறுப்பு, மூஞ்சி மட்டும் நரைத்தது. விலா எலும்பை எண்ணலாம். தண்ணீர்ச் சட்டியில் மோவாயை வைத்தபடி படுத்திருந்தது. மணி குரைக்கவில்லை. போய் முகர்ந்தான், ஒதுங்கி நின்றான்.

"வாங்கம்மா, வாங்க! டாக்டரே வந்திருக்கீங்க" என்று காவல்காரர் எழுந்தார். "நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதுலயிருந்துதான் எனக்குத் தூக்கமே வருது. தண்ணிதான் விடாம குடிக்குது. சாப்பாடு குறைஞ்சுபோச்சு. வயசாயிடுச்சுல்ல, தாள்லதான் எல்லாம் சரியா இருக்கேன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா கம்பவுண்டரின் கையிலிருந்த பையை வாங்கித் திறந்தார். கம்பவுண்டர் எங்கோ பார்த்தார். செக்கரம்மா முன்னால் வந்தாள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கடுமையாகப் பேசியிருக்கிறாள். இந்த நாலு வார்த்தைதான் வராமல் சண்டித்தனம் பண்ணியது.

"அண்ணே, அந்தத் தாள் உங்களுது இல்ல. இவனோடது. உங்களோடது என் கைக்கு வந்துடுச்சு. தப்பு நடந்துபோச்சு." அவள் நடந்தது முழுவதையும் சொன்னாள். ஆறு என்ற எண்ணையும் சொன்னாள், ஒளிக்கவில்லை.

காவல்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கொட்டகைக்குள் போய், ஆணியிலிருந்து தாளைக் கிழியாமல் எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தார். "அப்ப இது உங்க நாயோட ஆயுசு. பத்திரமா வெச்சுக்கங்க" என்றார். அவள் கொண்டுவந்த தாளைக் கையில் வாங்கி, படிக்காமல், சட்டைப்பைக்குள் மடித்து வைத்தார்.

டாக்டரம்மா மண்டியிட்டு நாயின் ஈறையும் வயிற்றையும் பார்த்தார். "உடனே குளுக்கோஸ் ஏத்தணும்யா. இன்னிக்கே, இப்பவே. எவ்வளவு தூரம் தேறும்னு சொல்ல முடியாது. ஆனா போராடிப் பாக்கலாம். பாக்கணும். எங்க தப்புக்கு இதையாவது செய்ய விடுங்க."

"ஆறு மணிக்குத்தான் மாத்து ஆள் வருவான். கேட்டை விட்டுட்டு வர முடியாதும்மா."

"நீங்க போங்கண்ணே" என்றாள் செக்கரம்மா. "கேட்டுல நான் நிக்கிறேன். இவனும் நானும். என்னைத் தாண்டி எவன் உள்ள போறான்னு பாத்துடுறேன்."

அவளுடைய வீட்டுக்காரர் அதற்குள் காருக்குள் ஏறி, மடியைத் தயாராக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்கிட்டக் குடுங்க. நான் பிடிச்சுக்கிறேன்" என்றார், நூலகக் குரலில். கறுப்பு நாயை அவர் மடியில் வைத்தார்கள். அது அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்தது.

கம்பவுண்டர் பிளாஸ்திரியைக் கிழித்து, பேனாவைத் திறந்தார். "ஐயா, இந்தத் தடவை பேரு இல்லாம முடியாது. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. கறுப்பன், ராஜா, ஏதாவது."

"இதுக்கு முன்னாடி மூணு நாய் வளத்தேன். மூணுக்கும் ஆசை ஆசையாப் பேரு வெச்சேன். சாவு வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி மூணும் போயிடுச்சு. பேரே இல்லன்னா யாரு எப்படிக் கூப்பிடுவாங்கன்னு பாத்துடலாம்னுதான் இதுக்கு வைக்கல."

"எதையாவது எழுதணுமே ஐயா."

காவல்காரர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு முதுகை நிமிர்த்தினார்.

"என் பேரை எழுது. இதைக் கூட்டிட்டுப் போக எவன் வந்தாலும் முதல்ல என்னைத்தான் பாக்கணும்."

கம்பவுண்டர் அந்த மனிதரின் முழுப் பெயரையும் கேட்டு எழுதினார். பிளாஸ்திரியில் இடம் போதாமல் இரண்டு வரியாக மடக்கி எழுத வேண்டியிருந்தது. செக்கரம்மா அதை வாங்கி ஒரு தரம் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். கார் போனதும் கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள்.